நெரிசலில் வளரும் இழை

முள்ளிப்பட்டில் இறங்கி அபிதகுசாம்பாள் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். "ஆட்டு மூளை பொண்ணு வூடு" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். ஊர் அவளுக்கு வைத்த பட்டம் அது. அவளுடைய சொந்த மூளையைப் பற்றி இந்த ஊரில் ஒருத்தரும் ஒரு நாளும் கேட்டதில்லை. சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருந்தாலும் நான்தான் சொல்ல வேண்டும், அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

என் பெயர் சாரா. ஆரணியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அபிதாவும் நானும் வேலூரில் ஒரே கல்லூரியில் படித்தோம். ஆரணியில் ஏறி, கண்ணமங்கலத்தில் ஒரு கூட்டம் ஏறி, அதற்கப்புறம் மூச்சுவிட இடமில்லாமல் வேலூர் வரைக்கும் நின்றுகொண்டே போவோம். பஸ்ஸில் கால் வைக்கிற இடமெல்லாம் பட்டு வியாபாரிகளின் மூட்டையாக இருக்கும். நான் அந்த மூட்டைக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டே வருவேன். அவள் ஒரு மூட்டைக்கும் இன்னொரு மூட்டைக்கும் நடுவில் ஒடுங்கி நின்று புத்தகம் படித்துக்கொண்டு வருவாள்.

அவளுடைய அப்பா அய்யாக்கண்ணு கூலிக்குப் பட்டு நெய்கிறவர். இராஜமாணிக்கம் என்கிற முதலாளி நெய்வதற்கான பாவு நூலும் ஜரிகையும் கொடுப்பார், இவர் வீட்டுத் தறியில் நெய்து கொடுப்பார். ஒரே அறைதான் வீடு. அதில் இரண்டு தறி, அடுப்பு, அரிசிப் பானை, அண்ணன் துரைக்கண்ணு, அம்மா, இவள். கோடைக் காற்று காய்ந்தால் பட்டு இழை படபடவென்று அறுந்துபோகும். அதனால் அவளுடைய அம்மா நெய்கிறவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழியில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். மழைக்காலத்தில் ஈரம் ஏறி அதே பட்டு இறுகிக்கொண்டு நகர மறுக்கும். இழை ஒன்றுதான், இருக்கிற இடத்துக்குத் தகுந்தபடி நடந்துகொள்ளும் என்பது அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம்.

அந்த வீட்டில் இன்னொரு பழக்கமும் இருந்தது. எனக்கு அதன்மேல் இன்றுவரை ஆத்திரம். சேலை முடிந்ததும் தறியிலிருந்து அறுத்து, மடித்து, மஞ்சள் வைத்து முதலாளி கையில் கொடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான். அது எந்த ஊருக்குப் போகிறது, யார் கட்டுகிறார்கள், முதலாளி யாருடைய நெசவு என்று சொல்லி விற்கிறார் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் மரியாதைக் குறைவு. பக்கத்துத் தெருவில் ஒருவர் வாய்விட்டுக் கேட்டார், அடுத்த பாவு அவர் வீட்டுக்கு வரவில்லை. மறுநாளே அது வேறு வீட்டில் இறங்கியது. அதிலிருந்து அய்யாக்கண்ணு வீட்டில் முதலாளி வந்தால் அடுப்பு ஊதுகிற சத்தம்கூடக் கேட்காது. அபிதா வளர்ந்தது இந்த ஒழுக்கத்தில்தான்.

மேல்படிப்பு முடிந்து தொண்ணூற்றாறில் அவளுக்குச் சென்னையில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது. நான் பி.எட். போய்விட்டேன். அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் பேராசிரியர் ஹேமநாத். நல்ல உயரம், நல்ல சிரிப்பு, எல்லோரையும் 'அம்மா', 'அய்யா' என்றுதான் கூப்பிடுவார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது, அதுதான் என்னை இன்னும் அதிகமாக எரிய வைக்கிறது.

அவள் செய்த ஆராய்ச்சி செல்லின் சட்டகத்தைப் பற்றியது. நம் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளும், பந்தலுக்குக் கால் நட்ட மாதிரி, மெல்லிய இழைகள் நிற்கின்றன. செல் சப்பிப்போகாமல் தாங்குவது அவைதான். உள்ளே சாமான்கள் போய்வருவதற்குப் பாதையும் அவைதான். அதில் ஒரு வகைக்கு நுண்குழல் என்று பெயர். டியூபுலின் என்கிற சின்னச் சின்னப் புரதத் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து குழலாக நீளும், வேண்டாதபோது தானே கலைந்துபோகும். மூளையில் அது நிறைய உண்டு. அதனால் விடிவதற்குள் ஆட்டிறைச்சி வெட்டும் இடத்துக்குப் போய், அப்போதுதான் எடுத்த மூளையை ஐஸில் புதைத்துக் கொண்டுவர வேண்டும். கவிச்சி தொடாத வீட்டுப் பெண். முதல் நாள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்திருக்கிறாள். பத்து நாள் போன பிறகு, கசாப்புக்காரரே அவளுக்கென்று நல்லதாக எடுத்து வைக்கிற அளவுக்குப் பழகிவிட்டாள்.

"ஐஸ்ல வெச்சா அந்தக் குழலெல்லாம் துண்டு துண்டா கலஞ்சிடும்டி. நம்ப உடம்புச் சூட்டுக்குக் கொண்டாந்தா திரும்ப ஒண்ணா சேந்துக்கும். தெளிஞ்ச தண்ணி அப்படியே மேகம் மாதிரி கலங்கும், அத்தப் பாக்கணும் நீ" என்று ஒரு பொங்கல் விடுமுறையில் சொன்னாள். அவள் கண்ணில் அப்படி ஒரு பளபளப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அந்த ஆய்வகத்தில் எல்லோரும் டியூபுலினைத் தெளிந்த உப்புக்கரைசலில் போட்டுத்தான் அளந்துகொண்டிருந்தார்கள். அபிதாவுக்கு அது ஒப்பவில்லை. செல்லுக்குள் அவ்வளவு காலி இடம் ஏது? புரதங்களும் மற்றதும் முண்டியடித்துக்கொண்டு கிடக்கின்றன. நெரிசலில் இருக்கிற ஒன்றை மைதானத்தில் நிறுத்தி அளந்து என்ன பிரயோஜனம் என்று கேட்டாள். கேள்வி புதிதல்ல, வெளிநாட்டில் சிலர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டிருந்தார்கள் என்று அவளே சொன்னாள். ஆனால் அந்த ஆய்வகத்தில் அதைக் கையில் எடுக்க ஆள் இல்லை. ஹேமநாத், "செஞ்சு பாரும்மா, தப்பில்ல" என்றார்.

அவள் கரைசலில் பெரிய பெரிய மூலக்கூறுகளைக் கலந்தாள். தனியாகச் சின்ன மூலக்கூறுகளையும் கலந்து பார்த்தாள், கிளிசரின், சர்க்கரை மாதிரி. அவளோடு இருந்த இன்னொரு ஆய்வு மாணவன் ஜெயக்குமார் அந்தக் குழாய்களைப் பார்த்துச் சிரிப்பான். "இன்னாங்க, காலைலயே கஞ்சி காச்சறீங்களா? எனக்கும் ஒரு டம்ளர் ஊத்துங்க" என்பான். அவள் குழாயிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். அந்தக் கஞ்சியைச் சரியாகக் காய்ச்ச அவளுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. கெட்டியான கரைசலில் எல்லாமே கலங்கலாகத் தெரியும், எது இழை எது அழுக்கு என்று பிரித்துப் பார்ப்பதற்குள் கண் பூத்துவிடும். எத்தனையோ முறை மொத்தமாகக் கொட்டிவிட்டு மறுபடி மூளை வாங்கப் போயிருக்கிறாள்.

முடிவு வந்ததும் எனக்கு போன் செய்தாள். எனக்குப் புரியவில்லை. ஊருக்கு வந்தபோது, பழைய ஞாபகத்தில் வேலூர் பஸ்ஸிலேயே வைத்து விளக்கினாள். அன்றைக்கும் நிற்க இடமில்லை.

"இந்த மூட்டைங்கள பாரு. இதுங்க எடத்த அடச்சிக்கினு இருக்கறதாலதான் நீயும் நானும் இப்படி ஒட்டிகினு நிக்கறோம். பெரிய மூலக்கூறு அப்படித்தான். டியூபுலின் துண்டுங்கள ஒண்ணுமேல ஒண்ணு தள்ளி உட்டுடும். கொஞ்சூண்டு இருந்தாலும் ஜல்தியா சேந்து இழையாயிடும். இழைங்களும் ஒண்ணோட ஒண்ணு கத்தையா கட்டிக்கும்."

"அப்ப சின்னது?"

"மூட்டையே இல்ல, பஸ்ஸுக்குள்ள முழங்கால் அளவு சேறுன்னு வெச்சிக்கோ. யாரும் யாரையும் நெருக்கல. ஆனா நகர முடியுமா? வளர்றதும் மெதுவாத்தான் வளரும், கலையறதும் மெதுவாத்தான் கலையும். ரெண்டையும் கெட்டி கெட்டின்னு ஒண்ணா சொல்லிகினு இருந்தா தப்புடி. எது கெட்டியாக்குதுன்னு பாக்கணும்."

முன்னால் நின்றிருந்த பெரியவர் திரும்பி எங்களை முறைத்தார். எனக்கு அப்படியொரு பெருமை. முள்ளிப்பட்டுக்காரி ஒருத்தி, செல்லுக்குள் நடக்கிற நெரிசலைக் கண்ணமங்கலம் பஸ்ஸில் வைத்துப் புரிய வைக்கிறாள். இவளுக்கு டாக்டர் பட்டம் வந்ததும் ஆரணி பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

பேனரும் இல்லை, பட்டமும் இல்லை. என்ன நடந்ததென்றால், அவள் முடிவுகள் மொத்தத்தையும், நுண்ணோக்கியில் எடுத்த படங்களையும் சேர்த்து, ஹேமநாத் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு வந்துவிட்டாள். எங்கே அனுப்பப் போகிறீர்கள், யார் எழுதுவது, என் பெயர் எந்த இடத்தில் வரும், ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஆய்வகத்திலும் மாணவர்கள் நாயாய்ப் பேயாய்ச் சண்டை போடுகிற விஷயம் இது. இவள் சேலையை அறுத்து முதலாளி கையில் கொடுத்த மாதிரி கொடுத்துவிட்டு, அடுத்த மூளைக்கு ஐஸ் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"சாரு பாத்துக்குவார்டி" என்றாள் என்னிடம். "அவரு குடுத்த எடம், அவரு வாங்கிக் குடுத்த சாமான். நாம போயி நோண்டிகினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

தொண்ணூற்றொன்பதில் ஒரு நாள் நூலகத்தில் புதிதாக வந்திருந்த ஆங்கில ஆய்விதழை அவள் புரட்டியபோது, தான் எடுத்த படம் அதில் இருந்தது. கத்தையாகக் கட்டிக்கொண்ட இழைகள். மூலையில் ஒரு தூசி மயிர், அதை எடுக்க முடியாமல் அவள் எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்! அந்த மயிர்கூட அச்சாகியிருந்தது. மேலே இரண்டு பெயர்கள். ஜெயக்குமார் முதலில், ஹேமநாத் அடுத்து. கடைசியில் நன்றி சொல்லும் வரியிலாவது இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிறவருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள், இவளுக்கு இல்லை.

அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஆய்வேட்டைப் பார்க்கும் குழு, இந்த முடிவுகள் ஏற்கெனவே வேறு ஒருவர் பெயரில் வெளியாகிவிட்டன, இதை உன் வேலை என்று வைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அவளே செய்ததை அவளே திருடியது போல நின்றாள். ஹேமநாத் அதே சிரிப்போடு, "ஜெயக்குமாருக்கு அமெரிக்கா போற அவசரம்மா. நீ வேற ஒண்ணு எடுத்துப் புதுசா ஆரம்பி, நான் இருக்கேன்ல" என்றார். உதவித்தொகை வருகிற காலம் முடிந்திருந்தது. புதிதாக ஆரம்பிக்க அவளுக்கு எங்கே இடம், யார் சோறு போடுவது?

நான் சென்னைக்கு ஓடினேன். புகார் எழுதலாம், துணைவேந்தர் வரைக்கும் போகலாம் என்று குதித்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தி, "உடு சாரா. பேஜார் பண்ணாத" என்றாள். அவளை அப்படியே அறைந்துவிடலாமா என்று இருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள், நான் அழுதுகொண்டு வந்தேன்.

ஊர் சும்மா இருக்குமா? கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் விசாரித்ததில், சென்னையில் இவள் விடியற்காலையில் ஆட்டு மூளை வாங்கியது யார் மூலமாகவோ காதுக்குப் போய்விட்டது. "படிக்கப் போனாளா, பாயா கடை வெக்கப் போனாளா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார்கள். பட்டம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் வந்த வரன்களும் தெருமுனையோடு திரும்பின. அய்யாக்கண்ணு இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அண்ணன் துரைக்கண்ணு அப்பா உட்கார்ந்த குழியில் உட்கார்ந்தான், அதே முதலாளியிடம்.

அபிதா ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒன்பதாம் வகுப்புக்குச் செல் பாடம் நடத்தும்போது, கரும்பலகையில் இடைவெளியே இல்லாமல் நெருக்கி நெருக்கி ஒரு படம் போட்டாளாம். பாடப்புத்தகத்தில் செல் என்பது ஒரு காலி வட்டம், அதில் நாலைந்து சாமான் மிதக்கும். பிள்ளைகள் இவள் போட்டதைப் பார்த்துப் பரீட்சையில் எழுத, தலைமையாசிரியை கூப்பிட்டு, "இதுக்கெல்லாம் மார்க் வருமா டீச்சர்? புக்ல இருக்கறத போடுங்க, போதும்" என்றார். மறுநாள் காலி வட்டத்தைப் போட்டாள். அதிலிருந்து அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். நானும் அதைத்தான் போடுகிறேன், நானென்ன ஒசத்தி?

இரண்டாயிரத்து ஏழில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து கேள்வித்தாள் வாங்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் இராஜமாணிக்கம் முதலாளி. பின்னால் ஒரு தம்பதி. தறியிலேயே பார்த்து, சொல்லி நெய்துகொள்ள வேண்டும் என்று மெட்ராஸிலிருந்து கல்யாணச் சேலைக்கு வந்திருக்கிறார்கள் என்றார். அந்த மனிதர் குனிந்து உள்ளே வந்து நிமிர்ந்ததும் அபிதாவின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். ஹேமநாத்.

"அட, அபிதாவா! இங்கதான் இருக்கியா?" அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். மனைவியைக் கூப்பிட்டார். "நான் சொல்லுவேன் பாரு, நெரிசல்ல நுண்குழல் எப்படி வளருதுன்னு ஒரு பொண்ணு செஞ்சான்னு. இவதான். இப்ப நாலு லேப்ல அதைத்தாம்மா புடிச்சுத் தொங்கிட்டிருக்காங்க. ரொம்ப நல்ல வேலை அது."

இவள் செய்த வேலை என்று, எல்லோருக்கும் முன்னால், சிரித்துக்கொண்டே சொல்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள், எட்டு வருஷம் வாயைத் திறக்காதவள் திறந்தாள்.

"அப்ப என் பேரு ஏன் சார் அதுல இல்ல?"

தறிச் சத்தம் நின்றது. இராஜமாணிக்கம் முதலாளி துரைக்கண்ணுவைப் பார்த்தார். துரைக்கண்ணு தரையைப் பார்த்தான். ஹேமநாத் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்தார். மறந்துபோன ஒன்றை நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்க்கிற முகம்.

"நீ கேக்கவே இல்லையேம்மா" என்றார். "ஜெயக்குமார் தினமும் ரூமுக்கு வந்து நிப்பான், என் பேர் எங்க சார்னு. நீ கொண்டுவந்து வெச்சுட்டுப் போயிடுவ. எழுதினது அவன், பேர் போட்டுக்கிட்டதும் அவன்தான். உனக்கு அதுல ஆசை இல்லன்னு நான் நெனச்சுட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதைக் கேட்டுத்தான் எனக்கு வயிறு எரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டவர், பேச்சை மாற்ற வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, துரைக்கண்ணு பக்கம் திரும்பினார்.

"தம்பி, முந்தானை ஓரத்துல பொண்ணு பேரும் மாப்பிள்ளை பேரும் ஜரிகையில வரணும். பொண்ணு பேர் கீதா. மறந்துடாதீங்க. பேர் இல்லன்னா எங்க வீட்ல சேலையைத் தொடவே மாட்டாங்க."

"மறக்க மாட்டேங்க சார். பேரு நல்லா தெரியற மாதிரி போட்டுடறேங்க" என்றான் துரைக்கண்ணு, குழியிலிருந்து எழுந்து நின்று.

கார் போயிற்று. நான் அவளைப் பிடித்துக் கத்தினேன். "சட்டையப் புடிச்சிருக்கணும்டி அந்த ஆள! உம்னு நின்னுகினு இருக்க!"

"இன்னான்னு புடிக்கறது?" என்றாள். "கேக்கலாம்னே எனக்குத் தெரியாதுடி. எங்க வூட்ல கேட்டவங்களே கெடையாது." அப்போதுதான் அழுதாள். சென்னையிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு வந்த நாளில் அழாதவள், தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கத்தியதற்காக என்னையே திட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம் போனாள். "அண்ணா, அந்தப் பேருங்கள நெய்யும்போது, மடிச்சா வெளிய தெரியாத ஓரமா பாத்து, சின்னதா உன் பேரையும் போட்டுடேன்."

துரைக்கண்ணு சிரித்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும், முதலாளி நிஜமாகவே போய்விட்டாரா என்று வாசலை எட்டிப் பார்த்தான்.

"இன்னா பேச்சு பேசற நீ? மொதலாளி முன்னாடி அந்த சாரை எதுத்துக் கேட்டதுக்கே அடுத்த பாவு வருமோ வராதோன்னு கெடக்கறேன். நம்ப பேரப் போட சேல இன்னா நம்பளுதா?"

"நெய்யறது நீதானேண்ணா."

"நெய்ஞ்சா நம்பளுது ஆயிடுமா? இத்தினி படிச்சும் இது தெரியலியே உனக்கு" என்று சொல்லிவிட்டு அவன் குழியில் இறங்கினான்.

அபிதா "சரிண்ணா. அந்தப் பொண்ணு பேரயாவது தப்பில்லாம போடு" என்று சொல்லிவிட்டு, எனக்குக் கேள்வித்தாள் எடுக்க மூலையில் இருந்த பெட்டிப் பக்கம் போனாள்.